பெரட்டு வாத்தியாரின் ராஜாங்கம்

ஊவா மாகாணத்திலேயே தப்புப் பறை அடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிய வாத்தியார் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நான் தயார். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் ஆட்கள் வந்து வரிசையாக நிற்பதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டு கலைந்த பிறகு, எங்கள் வாத்தியார் அதே தப்பை இரவல் வாங்கித் தோளில் மாட்டி, லயம் லயமாக, அந்த வரிசை வீடுகளின் வாசலெல்லாம் அடித்துக்கொண்டு வருவார். பெற்ற தாய் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்திருக்கும். பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அவர் பெரட்டு வாத்தியார்தான்.

மற்றத் தோட்டங்களில் ஐந்தாவதோடு பிள்ளைகள் முதுகில் கொழுந்துக் கூடை ஏறிவிடும். இவர் வீடு வீடாகப் போய் மன்றாடி, எங்கள் ஏழெட்டுப் பேரைப் பிடித்து ஆறாவது என்று ஒன்றை நடத்தினார். பாடம், நாட்டுச் சரித்திரமும் குடிமக்கள் கடமையும்.

கண்டியின் கடைசி ராசாவை வெள்ளைக்காரன் கப்பலேற்றிய பாடத்துக்கு ஓடைக்கரைக்கே கூட்டிப் போனார். "ராசா யாரு தெரியுமாடா? மதுரைப் பக்கத்து வம்சம். ஒங்க பாட்டன் ஊர்க்காரரு!" என்று எங்களில் ஒருவனான முத்தையாவுக்குத் தலைப்பாகை கட்டி, தன் குடையையே அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அய்யோ, ராசா போறாரே!" என்று மெய்யாகவே அழுதார்கள். தண்ணீரைக் கண்டதும் ராசா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிங்க ராசா, கப்பல் காத்திருக்கு."

"நான் போகமாட்டேன் வாத்தியாரே. துணி நனைஞ்சா ஆத்தா அடிக்கும்."

"சரித்திரத்துல ராசா போயிட்டாருடா!"

"அவருக்கு ஆத்தா இல்ல போல."

அரசாங்கத்தையும் தோட்டத்தை வைத்தே விளக்குவார். சீமையிலிருக்கும் மகாராஜா, தோட்டத்தை நடத்தும் நம் வெள்ளைக்காரப் பெரிய தொரை மாதிரி. கொழும்பிலிருக்கும் கவர்னர், அவருக்குக் கீழே உள்ள சின்னத் தொரை மாதிரி.

"அப்ப நாம யாரு வாத்தியாரே?"

"பெரட்டுல நிக்கிற ஜனம். ஜனம் வாயத் தொறந்து கேக்கணும். கேக்குறவங்கதான் குடிமக்கள்."

அதற்கும் பயிற்சி உண்டு. அவர் தொரையாகக் கால்மேல் கால் போட்டு உட்காருவார். நாங்கள் எழுந்து எழுந்து கேட்க வேண்டும். பாடம் முடிந்ததும் "கேள்வி இருக்கா?" என்பார். இல்லையென்றால் வீட்டுக்கு விடமாட்டார். செல்லம்மாவிடம் எப்போதும் ஒன்று இருக்கும். "தொரைங்களே, எங்க காம்பராவுல கூரை ஒழுகுது. தம்பிக்கு இருமல் நிக்கல. எப்ப தகரம் மாத்துவீங்க?"

"நாளைக்கே!" என்று நாற்காலித் தொரை முழங்குவார். உடனே முகம் வாடிப்போகும்.

வெளியே அப்படிக் கேட்க முடியாது. தொரையிடம் எதுவானாலும், ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் வாய்வழியாகத்தான் போக வேண்டும். கூரை விஷயம் பல மழைக்காலமாக அந்த வாயிலேயே தங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகச் சேதி வந்தது. கங்காணி முந்திக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரய்யா, நாளைக்கு ரெண்டு தொரைங்களும் கூட வர்றாங்க. புள்ளைங்க கேட்டதுக்குப் பதில் சொல்லட்டும். திருப்பி ஒன்னும் கேக்கக் கூடாது. கேட்டா, நீங்க பதுளைக்கு நடையக் கட்ட வேண்டியதுதான்."

அன்றுதான் முதல்முறையாக, "கேள்வி இருக்கா?" என்று கேட்காமலே எங்களை வீட்டுக்கு விட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "இந்த நாட்டின் கவர்னர் யார்?"

வகுப்பு மொத்தமும் கை நீட்டியது. "சின்னத் தொரை!"

சின்னத் தொரை காது வரை சிவந்தார்.

"அப்படியானால் மகாராஜா?"

"பெரிய தொரை!"

பெரிய தொரை தொப்பை குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததால் கங்காணியும் சிரித்தார். இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "குடிமக்கள் என்றால் யார்?" என்றார்.

செல்லம்மா எழுந்தாள். "கேக்குறவங்க."

"என்ன கேட்பார்கள்?"

கங்காணியின் சிரிப்பு நின்றது. வாத்தியாரின் கையில் தப்புக் குச்சி இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் வகுப்பு கலைந்துவிடும். அவர் குச்சியை மேஜைமேல் வைத்தார்.

"கேளு தாயி."

அவள் பெரிய தொரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பழகிய பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டாள்.

தொரை கங்காணி பக்கம் திரும்பினார். "கங்காணி! கூரை ஒழுகுறான்?"

"ஒழுகுதுங்க தொரை," என்றார் கங்காணி, தானே ஒழுகுவதுபோல.

அந்த வாரமே லயம் முழுக்கப் புதுத் தகரம் ஏறியது. அதே வாரம் வாத்தியாருக்கு வேலை போனது. ஆறாவதும் அவரோடு போயிற்று. செல்லம்மா இருமலில்லாத தம்பியைப் பிள்ளை பார்க்கும் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனாள். நான் தேயிலைக்கடியில் மண்ணைக் கிளற, முள்ளுக்குத்தப் போனேன்.

அவர் கிளம்பிய அன்று நல்ல மழை. யாரும் தப்பு அடிக்கவில்லை. ஆனாலும் லயத்துச் சனம் புதுக் கூரையின்கீழே பெரட்டு மாதிரியே வரிசையாக நின்றது. முத்தையா ஓடிப்போய்க் குடையை வாங்கி, அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தான். கங்காணியும் ஓர் ஓரமாக நின்றார். பாதை வளையும் முடக்கில் வாத்தியார் திரும்பினார்.

"கேள்வி இருக்கா?"

ஏன் அனுப்புகிறீர்கள் என்று கங்காணியிடம் கேட்க ஒரு வாய் திறக்கவில்லை. தகரத்தில் மழைதான் சளசளத்தது. அவர் முடக்கில் மறைந்தார்.

என்னிடம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. முத்தையா மாதிரி நீங்களும் போகமாட்டேன்னு தரையில உக்காந்திருந்தா என்ன, வாத்தியாரே?