றெக்கை வைத்த வண்டி

எண்பதுகளில் அம்பத்தூரில் ஓடிய மோட்டார் சைக்கிள் அத்தனையும் ஒரே ஆளின் தயாரிப்பு. அவருக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. ஊரில் அவர் பெயர் றெக்கை.

கள்ளிக்குப்பத்தில் நம்பர் பிளேட் எழுதும் ஆர்ட்டிஸ்ட். மாதா கோயில் சுவரில் சம்மனசு என்கிற தேவதூதரை வரைந்தபோது றெக்கை நன்றாக வந்துவிட்டது. அப்புறம் விட்டாரா மனுஷர்! நம்பர் எழுத எந்தக் கம்பெனி வண்டி போனாலும், பெட்ரோல் டேங்கிலிருந்த பெயரைச் சுரண்டிவிட்டு, பக்கத்துக்கொரு வெள்ளை றெக்கை வரைந்துதான் அனுப்புவார். கேட்டால், "பேரைப் படிக்கறதுக்குள்ள வண்டி பூடும் நைனா. றெக்கைன்னா பாத்தவொடனே தெரியும்" என்பார்.

கொஞ்ச நாளில் ஷோரூமில் போய், "அந்த றெக்கை கம்பெனி வண்டி குடுங்க" என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று மேனேஜர் சத்தியம் செய்தார். யார் நம்பினார்கள்? ஸ்டாக் இல்லாததை மறைக்கிறார் என்று எதிர்க் கடைக்குப் போனார்கள். கடைசியில் அவரே புது வண்டிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டு கள்ளிக்குப்பம் வந்து நின்றார்.

நான் மட்டும் வீம்பாக, வேறு இடத்தில் நம்பர் எழுதி, கம்பெனிப் பெயர் பளபளக்க ஓட்டினேன். ஸ்டெல்லாவை விட்டால் வேறு கதியில்லை என்று திரிந்த காலம் அது. அவளுடைய அப்பா நேரில் பார்க்கக் கூப்பிட்டார் என்று மேனாம்பேட்டுக்கு அந்த வண்டியிலேயே போனேன். அவர் என்னை எங்கே பார்த்தார்? டேங்கைத்தான் பார்த்தார்.

"இன்னாப்பா, றெக்கைய காணோம்? டூப்ளிகேட்டா?"

"இல்ல அங்கிள், ஒரிஜினல்."

"டூப்ளிகேட் வெச்சிகீறவன் அல்லாம் அப்டித்தான் சொல்லுவான். யோசிச்சு சொல்றேன், போ."

நேராக றெக்கையிடம் ஓடினேன். கதையை முழுக்கக் கேட்டார். டேங்கின் இடது பக்கம் மட்டும் வரைந்துவிட்டு பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

"இன்னொரு பக்கம் அண்ணாத்தே?"

"கண்ணாலம் ஆவட்டும். பொண்ணு குடுக்கலன்னா பெயிண்ட்டு வேஸ்ட்டு."

மறுபடி போனபோது வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வண்டியை நிறுத்தினேன். ஸ்டெல்லாவின் அப்பா விடுவாரா? எட்டிப் பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மனுஷருக்கு முகம் வெளுத்தது.

"ஒத்த றெக்கையோடவா ஓட்டிகினு கீற? ஒரு பக்கமா இஸ்துகினு போனா இன்னா ஆவறது?" என்று பதறியவர், வீட்டுக்குள் திரும்பி மனைவியிடம் கத்தினார்: "ஏய், மாதா கோயில் சாமியாராண்ட போயி கண்ணாலத் தேதி கேளு. சீக்கிரம்!"

கோயிலில் தாலி கட்டி, மாலையும் கழுத்துமாக வெளியே வந்தால், என் வண்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து றெக்கை வலது பக்கம் வரைந்துகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"நீ போ மாமே. ஈரம் காயணும், எவனாச்சும் கைய வெச்சுடுவான்" என்று தோள் துண்டால் டேங்குக்கு விசிறினார். பந்தி முடியும்வரை அங்கேயே காவல்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு படத்தில்கூட இல்லை. ஊரில் யார் யாரோ இளித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் புரட்டும்போதெல்லாம் ஸ்டெல்லா சொல்வாள்: "அந்த அண்ணாத்தேவ கையப் புட்ச்சு இஸ்துகினு வந்திருக்கணும்யா நீ."