வாய் கொப்பளிக்க மறுத்த வேம்புலி

பாரிவாக்கம் வேம்புலி சாமிக்குக் கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், படிப்பும் வேண்டாம். வயிற்றில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். எவரோ சோற்றில் கலந்து வைத்த இடுமருந்து, தோலில் ஒரு கீறல்கூட விழாமல், அவர் வாய்க்கு வந்துவிடும். முடியும் மெழுகும் சேர்ந்த உருண்டையைத் தட்டில் துப்பிக் காட்டுவார். விஞ்ஞானம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. செவ்வாய்தோறும் பூந்தமல்லியிலிருந்து கூட்டம் கூட்டமாக இறக்கிவிட்டது.

அண்ணனூர் சாமுண்டீஸ்வரியும் தன் கணவர் ராஜசேகரனைக் கூட்டிப்போனாள். அவருக்கு எட்டு மாதமாக எதை விழுங்கினாலும் நெஞ்சில் நின்றது. இட்லி நின்றது, கஞ்சி நின்றது, கடைசியில் தண்ணீரே நின்று, படுத்தால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. பதினாறு கிலோ இளைத்துவிட்டார். வேம்புலி ஓர் உருண்டையை எடுத்துக் காட்டிச் சொன்னார்:

“உன் ஊட்ல சோறு ஆக்குறவதான் வெச்சிகீறா.”

அந்த வீட்டில் சோறு ஆக்குகிறவள் மருமகள் திவ்யா.

மருந்து வெளியே வந்த பிறகும் இட்லி நின்றது. அது சாமியின் குற்றமாக யாருக்கும் படவில்லை. திவ்யா அடுப்படிக்குள் நுழையக் கூடாது என்றாயிற்று. பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. அவள் கணவன் கிரண் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு கைப்பேசியைப் பார்த்தான்.

மூன்று வாரம் மாமியாரே சமைத்தாள். இட்லி அப்போதும் நின்றது. மறுபடி பாரிவாக்கம். இந்தமுறை திவ்யாவும் ஏறிக்கொண்டாள்.

வேம்புலி வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் போய்க் கும்பிட்டுவிட்டு, பேசாமல் வந்து உட்கார்ந்தார். மௌன விரதமாம். குழாயை எடுத்தார். திவ்யா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“சாமி, வாயைக் கொப்பளிச்சிட்டு உறிஞ்சுங்க.”

வேம்புலி தலையை மட்டும் ஆட்டினார்.

“மூணு வாரமா அத்ததான் ஆக்குறாங்க. இன்னிக்கும் மருந்து வந்துச்சின்னா யார் வெச்சதுன்னு தெரியணும்ல?”

சாமுண்டீஸ்வரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வரிசையில் நின்ற பேபி என்ற அம்மாள், “கொப்பளிக்கத்தானே சொல்லுது பொண்ணு. கொப்பளியேன் சாமி,” என்றாள். நாற்பது பேரும் சாமியின் வாயைப் பார்த்தார்கள்.

சாமி விழுங்கினார். மாட்டிக்கொண்டது. கண்கள் பிதுங்கின. திவ்யாதான் அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள். உருண்டை தட்டில் விழுந்தது. குழாய் இன்னும் யார் வயிற்றையும் தொடவில்லை.

ராஜசேகரன் மட்டும் சாமியைப் பரிவோடு பார்த்தார்.

“மெல்ல மூச்சு வுடு நைனா. உடனே தண்ணி குடிக்காத, அதுவும் நிக்கும்.”

ஆட்டோவில் சாமுண்டீஸ்வரி, “ராத்திரிக்கு நீயே ஆக்கிடு,” என்றாள். திவ்யாவுக்குக் கிடைத்த மன்னிப்பு அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ராஜசேகரனின் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காமல் இறுகிக் கிடந்தது. வாய் வழியாகவே குழாய் விட்டு, அந்தத் தசையை உள்ளுக்குள் வெட்டித் தளர்த்தினார்கள்.

“சாப்பாடு இறங்கும்,” என்றார் டாக்டர். “ஆனா உணவுக்குழாய்க்குத் தள்ற சக்தி திரும்பி வராது. மெதுவா மென்னு சாப்பிடணும். புளிச்ச தண்ணி மேல வரலாம், மாத்திரை போடணும். சில பேருக்கு வருஷங்கள் கழிச்சு மறுபடி இறுகும். வருஷா வருஷம் வந்து காட்டுங்க.”

சாமுண்டீஸ்வரிக்கு இது பிடிக்கவில்லை. “சாமி ஒரே வார்த்தைல சரியாப் பூடும்னாரு. இவரு இன்னா இத்தினி ‘ஆனா’ போடுறாரு?”

ஏழு வருடம் ஆயிற்று. டாக்டர் சொன்ன ஒவ்வொரு ‘ஆனா’வும் நடந்தது. நெஞ்செரிச்சல் வந்தது, மாத்திரை வந்தது. ஐந்தாம் வருடம் லேசாக இறுகியது. பலூன் விட்டு விரித்தார்கள். ராஜசேகரன் காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிறார், அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு.

வேம்புலி இப்போது திருவேற்காட்டுப் பக்கம். கூட்டம் குறையவில்லை. அங்கே ‘ஆனா’வும் இல்லை, அடுத்த வருடம் வந்து காட்டு என்ற தொல்லையும் இல்லை. போகிறவர்கள் போகலாம். ஏழு வருடத்துக்கு முன் குணமான ஓர் ஆளையாவது காட்டச் சொல்லுங்கள். அதுவரை சட்டையைத் தூக்காதீர்கள்.