தேருக்குக் கணக்குப் போட்ட காலை

தேரன்னிக்கு ஏதோ ஒன்றை மட்டும் செய்யவே கூடாது என்று எங்கள் பெரியப்பா சொல்வார். அந்த ஏதோ ஒன்று என்ன என்பது மறந்துவிட்டது. எல்லாக் கூத்துக்கும் அதுதான் காரணம்.

அன்று எனக்கு ஒரே வேலை. பதினொரு மணிக்கு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான்.

கேட்கப் போவது சென்னைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தேர்வுக்குழு. பிடித்தால் வேலை. வெளிநாட்டில் இருக்கும் பெண்டாட்டி, பிள்ளையை வரவழைத்து ஊரோடு இருந்துவிடலாம். பிடிக்காவிட்டால் நான் அங்கே திரும்ப டிக்கெட் ரெடி. ஐம்பதை நெருங்குகிறவனை வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை.

என் துறை மின்சாரம். பென்சில் கரியை ஓர் அணு கனத்துக்கு உரித்தால் கிராஃபீன் என்று ஒரு தாள் கிடைக்கும். அதை மீக்கடத்தியோடு ஒட்டினால் எலக்ட்ரான்கள் எப்படி ஓடும், அவற்றின் சுழற்சி எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்குப் போடுவேன். மீக்கடத்தி என்றால், நன்றாகக் குளிர்ந்துவிட்டால் மின்சாரத்துக்குத் துளித் தடையும் காட்டாத பொருள். எல்லாம் காகிதத்தில்தான். வீட்டில் ஃபியூஸ் போனால் ஆள் கூப்பிடுவேன்.

செவிலிமேட்டில் என் வீட்டெதிரே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் தங்கை கலைச்செல்விக்குப் போன் போட்டேன்.

“வாண்ணா. ஆனா இன்னிக்கி எங்க தெருவுல தேரு. மேல ஒயர் போவுதுன்னு கரண்ட்ட நிறுத்திடுவாங்க.”

“தெரியும்மா. கணக்குப் போட்டுட்டேன்.”

உண்மையாகவே போட்டிருந்தேன். தேர் புறப்படும் நேரம், வீதியின் நீளம், ஆள் நடக்கும் வேகத்தில் பாதி. பத்து மணிக்குத் தேர் அவள் வீட்டைத் தாண்டிவிடும். உடனே கரண்ட். பதினொன்றுக்கு நான். விடை இவ்வளவு அழகாக வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு.

ஆட்டோவை வீதி முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேர்ந்தேன். தங்கை வீட்டுக்காரர் தயாளன் தன் பட்டுப் புடவைக் கடை வாசலில் மோர்ப் பந்தல் போட்டு, கையில் மைக்கோடு நின்றார்.

“பக்தகோடிகளே, மோர் குடிச்சிட்டுப் போங்க! அடடே, வாங்க மச்சான்!”

இரண்டுமே மைக்கில்.

கடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபேன் சுற்றவில்லை.

“மாப்ள, தேர் தாண்டிடுச்சில்ல?”

“எங்க மச்சான்! திருப்பத்துலயே நிக்குது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கினு கெடக்கறாங்க.”

திருப்பம். கட்டை. இரண்டுமே என் கணக்கில் இல்லை.

மின்கம்பத்தடியில் லைன்மேன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

“சார், கரண்ட் எப்ப வரும்?”

“தேர் தாண்டுனா வரும்.”

“தேர் எப்ப வரும்?”

அவர் டம்ளரைக் கீழே இறக்கி என்னை முழுசாகப் பார்த்தார். “ஊருக்குப் புதுசா சார்?”

கடைக்கு மேலேயே வீடு. மாடியிலிருந்து கலை கத்தினாள். “ஐயோ அண்ணா! தேரன்னிக்கி மட்டும் ‘எப்ப வரும்’னு எவனையும் கேக்காதன்னு பெரியப்பா தலப்பாடா அடிச்சிக்குவாரே!”

ஆக, அதுதான் அது.

“சரி மாப்ள, கடை இன்வெர்ட்டர் இருக்குதில்ல?”

“இருக்குதே! மைக்செட்டுக்குப் போட்டிருக்கேன்.”

என் மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி செத்து வெகுநாள். பிளக்கில் இல்லாவிட்டால் அது வெறும் தட்டு. பிளக் இருப்பதோ பந்தலில். கடை மோடத்துக்கும் அங்கிருந்தே ஒரு ஒயர் இழுத்தோம். இரண்டு மோர் அண்டாக்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பதினொரு மணி. திரையில் குழு வந்தது. தலைவர் ஓர் அம்மையார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“உங்களுக்கு இரு பக்கமும் இருப்பது என்ன கருவி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மோர், மேடம்.”

ஆரம்பித்தேன். தூரத்தில் தவில். “சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாக” என்றார் அவர்.

தயாளன் நல்ல மனுஷன். அடுத்த நொடி மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். கிராஃபீனில் எலக்ட்ரான் போக்குவரத்து, வீதியில் கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கரிலும் ஆங்கிலத்தில் முழங்கியது.

ஜனம் நின்றுவிட்டது. தயாளனுக்குச் சங்கடமாகிவிட்டது.

“அவங்களுக்கும் புரியணுமே மச்சான்?” என்று மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். போன வாரம் சாப்பிடும்போது அவருக்கு இதை ஒருமுறை விளக்கியிருந்தேன். விளக்கியிருக்கக் கூடாது.

“என் மச்சான் இன்னா சொல்றாருன்னா, எலக்ட்ரானு ஒன்னுக்கொன்னு ஆவவே ஆவாது. ஆனா நல்லா குளுந்துச்சின்னா ஜோடி சேந்துக்கும். ஜோடியா போனா வழியில எதுவும் மறிக்காது. சூடாச்சின்னா பிரிஞ்சிடும். அதனால எல்லாரும் தம்பதி சமேதரா வந்து மோர் குடிச்சிட்டுப் போங்க!”

இயற்பியலில் பிழை சொல்ல முடியாது. பந்தலில் ஜோடி ஜோடியாக வரிசை நின்றது. குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் அவசரமாகத் தன் கேமராவை அணைத்தார்.

ஒருவழியாகப் பேசி முடித்தேன். அதே நேரம் தேர் வந்து சேர்ந்தது. வந்து, சரியாகக் கடைக்கு எதிரே நின்றது.

அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கிராஃபீனும் மீக்கடத்தியும் ஒட்டும் இடத்தில் தடையே இல்லை என்று வைத்திருக்கிறீர்கள். அதைச் சேர்த்தால் உங்கள் முடிவு மாறுமா?”

எங்கே பேசினாலும் வரும் கேள்விதான். பதிலும் மனப்பாடம். ‘அது சின்ன விஷயம், விட்டுவிடலாம்.’ வாயைத் திறந்தேன்.

எதிரே வடத்தைப் பிடித்து ஊரே இழுத்துக்கொண்டிருந்தது. தேர் அசையவில்லை. சக்கரத்தடியில் கைப்பிள்ளை அளவுக்கு ஒரு கட்டை. காலையில் நான் விட்டுவிட்ட அதே சின்ன விஷயம்.

“மாறும் மேடம்,” என்றேன். “எவ்வளவு என்று தெரியாது. நான் போட்டுப் பார்த்ததே இல்லை.”

தயாளன் கடமை தவறவில்லை.

“தெரியாதுன்றாரு,” என்றார் மைக்கில்.

லைன்மேன் முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். “தடையைச் சேர்த்துப் போட்டு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். இதற்கு முன் இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று ஒருவர்கூட...”

கட்டையை உருவினார்கள். ஊர் ஒரே குரலில் கத்தியது. தேர் குலுங்கி நகர்ந்தது, கூட்டம் பந்தலுக்குள் சாய்ந்தது, யாரோ காலில் ஒயர் மாட்டியது, திரை இருண்டது.

தேர் தாண்டிய பிறகு கரண்ட் வந்தது. ஃபேன் பிரமாதமாகச் சுற்றியது.

“வேலை கெடச்சிச்சா மச்சான்?” என்றார் தயாளன், மைக் இல்லாமல்.

“சொல்றேன்னாங்க.”

“எப்ப சொல்வாங்களாம்?”

“எப்பன்னு கேக்காதீங்கன்னு இப்பத்தான சொன்னேன்!” என்று கலை உள்ளேயிருந்து கத்தினாள்.

அன்று சாயங்காலம் திரும்பிப் போகும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, சமன்பாட்டில் தடையைச் சேர்த்தேன்.