மிளகு வாய் திறக்க மறுக்கிறாள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மனைவி, உன் மகள் மூவரும் நலம். நீயும் நீ குடைந்துகொண்டிருக்கும் சுரங்கப்பாதையும் நலமாக இருக்க வேண்டும். மூவரும் நலம் என்றதை மட்டும் முறைக்காக எழுதினேன். உண்மையில் மூவரில் ஒருவரும் நலமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ மலைக்குள் இருந்துகொண்டு “சரிக்கா, சரிக்கா” என்று சொல்லியபடியே காணாமல் போய்விடுகிறாய். அதோடு இந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, கீழ்வீட்டில் இருப்பவருக்குக் காது கூர்மை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

திங்கட்கிழமையோடு உன் மனைவிக்கு விடுப்பு முடிகிறது. அவள் கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன பிறகு மிளகைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். (உன் மகளை நான் மிளகு என்று கூப்பிடுவது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். வந்து பார். இத்தனூண்டு உருவம், அத்தனையும் காரம்.) அம்மா இல்லாத வேளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பால்பவுடரைக் கலந்து பாட்டிலில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சுங்க இலாகாவில் ஓய்வு பெறும்வரை சோதனை மேசைக்குப் பின்னால் நின்று, செருப்பின் அடியில் வைத்திருந்ததையும் பற்பசைக்குள் வைத்திருந்ததையும் பிடித்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நீயும் நினைத்திருப்பாய், நானும் நினைத்தேன்.

பாட்டில் வாங்கக் கடைக்குப் போனேன். பாட்டில் என்றால் ஒரு வாய், ஒரு அடி என்று நினைத்துப் போனவளுக்கு ஒரு சுவர் முழுக்கப் பாட்டில். கண்ணாடியில், பிளாஸ்டிக்கில், எவர்சில்வரில். ஒல்லி, குண்டு, இடுப்பு வைத்தது, காது வைத்தது. ஒன்று நடுவில் வளைந்திருந்தது. நேராக இருக்க வேண்டியதை ஒருவன் வளைக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்பது என் அனுபவம். “குழந்தை தலையத் தூக்கிக் குடிக்க வசதியா இருக்கும் மேடம்” என்றாள் கடைப்பெண். நான் இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை. இன்னொரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு தண்டு, தண்டின் நுனியில் ஒரு குட்டி மூடி. ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கொண்டுவந்தால் எங்கள் உத்தியோகத்தில் அதற்குப் பெயரே வேறு. அங்கேயே அவர்கள் மேசையிலேயே கழற்றிப் பரப்பிவிட்டேன். குழந்தையின் வயிற்றுக்குள் போகிற காற்று இந்தக் குழாய் வழியாகப் போய்விடுமாம். காற்றுக்குத் தனிப் பாதை போட்டு அதற்கும் சேர்த்து விலை. கழற்றியதை எனக்குத் திரும்ப மாட்டத் தெரியவில்லை, அதனால் அதையும் வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் நிப்பிள். மாதத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஓட்டையே இல்லை. ஓட்டை இல்லாத நிப்பிளையா விற்கிறாய் என்று நான் கேட்டது கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, கடையில் நின்ற கர்ப்பிணிகள் எல்லாரும் கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் விரலால் அழுத்தினாள், ஓட்டை தெரிந்தது. விரலை எடுத்தாள், மறைந்தது. வேண்டும்போது மட்டும் தெரிகிற ஓட்டையை நீ நம்புவாயா? கடைசியில் வகைக்கு ஒன்றாக வாங்கினேன். ஒன்றை மட்டும் வாங்கினால் அவர்கள் நினைத்ததை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றல்லவா ஆகும்.

வீட்டுக்கு வந்து பாட்டில்களில் போட்டிருந்த கோடுகளை மருந்து மூடியால் அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. பாலைக் கலந்து கவிழ்த்துப் பிடித்தால் ஒரு சொட்டு, அப்புறம் யோசித்துவிட்டு இன்னொரு சொட்டு. இந்த வேகத்தில் வயிறு நிறைவதற்குள் மிளகுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிடும் என்று ஊசியைச் சுடவைத்து ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குப் பார்த்து அவள் ஆசையாக வாயைத் திறந்தாள். பால் குழாய் உடைந்த மாதிரி கொட்டி, புரை ஏறி, முகமெல்லாம் சிவந்து, சத்தமே வராமல்… உன் மனைவி ஓடி வந்து கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினாள், சரியாகிவிட்டது. பயப்படாதே. மிளகு அப்போதே மறந்து சிரித்தாள். அந்த நிப்பிளைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். உன் மனைவி திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து மிளகின் வாய்ப்பக்கம் பாட்டில் போனால் நான் கண் இமைப்பதில்லை. எப்படிக் கொடுக்கிறேன் என்று எழுதுகிறேன், நீயே சொல். அவளை மடியில் தலை உயரமாக இருக்கும்படி வைத்துக்கொள்கிறேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறேன். அந்த மணிக்கட்டை நம்பாமல் இன்னொரு மணிக்கட்டிலும் பார்க்கிறேன். பிறகு அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டு, உதடு, தொண்டை, பாட்டிலுக்குள் வரும் குமிழி மூன்றையும் மாற்றி மாற்றிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். இதைவிட ஒருத்தி கவனமாகக் கொடுக்க முடியுமா? அவளோ வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். பெட்டியைப் பார்க்காதே, ஆளின் முகத்தைப் பார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். தப்புச் செய்தவர்கள் சீக்கிரமே பார்வையை விலக்கிவிடுவார்கள். உன் மகள் விலக்குவதே இல்லை. கீழ் உதடு மட்டும் மெல்லத் துடிக்கிறது, அப்புறம் வீடே இடிகிற மாதிரி அழுகை. கண்ணாடிப் பாட்டில், எவர்சில்வர், இடுப்பு வைத்தது, காற்றுக் குழாய் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

இப்போது கீழ்வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், படித்ததும் கிழித்துவிடச் சொன்னதற்குக் காரணமே இவர்தான். முந்தாநாள் பாட்டில்களைக் கொதிக்க வைத்திருந்தேன். உன் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டு யாரென்று பார்க்கப் போனேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன்தான், ஆனாலும் அவன் முழி சரியில்லை, நாலு கேள்வி கேட்டேன். திரும்பி வருவதற்குள் பாத்திரத்தில் தண்ணீர் வற்றி, வீடெல்லாம் புகை. வளைந்த பாட்டில் நேராகியிருந்தது. நேராக இருந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் எல்லாம் வளைந்துவிட்டன. நாற்றம் பிடித்து மேலே வந்த கீழ்வீட்டுக்காரர், புகையில் குழந்தை இருக்க வேண்டாம் என்று மிளகையும், நான் ஏற்கெனவே கலந்து வைத்திருந்த கண்ணாடிப் பாட்டிலையும் கீழே எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், டிவியில் கால்பந்து ஆட்டம் ஓடுகிறது, அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், மிளகு அவர் மடியில் தூங்குகிறாள், பாட்டில் காலி. என்னிடம் ஒரு சொட்டுக் குடிக்காதவள் தன் முகத்தைக்கூடப் பார்க்காத ஒரு மனுஷனிடம் முழுப் பாட்டிலையும் குடித்தாளாம். யார் காதில் பூ சுற்றுகிறார்? பக்கத்தில் அவருடைய காப்பி டம்ளர் இருந்தது. எட்டிப் பார்த்தேன். காப்பி வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தது. “அறிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன், சோதனை மேசைப் பழக்க தோஷம். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஒரு கோல் போட்டாங்கம்மா” என்றார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பேச்சை மாற்றுகிறவர்களில் இவர் தேர்ந்த ஆள்.

இதை உன் மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அவ பாட்டிலைப் பார்த்துப் பயப்படலை. உங்களைப் பார்த்துத்தான் பயப்படுறா. கண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்குங்க.”

“திருப்புன நேரத்துல புரை ஏறினா?”

“ஏறினா சத்தம் கேக்கும். காது இருக்குல்ல?”

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துச் சம்பாதிக்கிறவள் என் கண்ணைக் குறை சொல்கிறாள். அன்றைக்குச் சத்தமே வராமல்தான் அந்தக் குழந்தை சிவந்தது. அவளுக்கு அது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. இன்று காலை ஆஸ்பத்திரியில் மேலதிகாரியைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பியவள், செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நான் சாயங்காலம் வர்றதுக்குள்ள ஒரு வேளையாவது குடிச்சிட்டாள்னா நிம்மதி. இல்லைன்னா திங்கக்கிழமை காப்பகத்துல விட்டுடலாம் அண்ணி, பேசிட்டேன். அங்க குழந்தைங்களைப் பார்த்துப் பழகினவங்க இருக்காங்க. நீங்களும் பாவம்.”

பாவமாம். தம்பி, உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். பழகினவர்களிடம் விட்டுவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை? என் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து உள்ளே உட்கார வேண்டியதுதான். அங்கே என்னைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளக்கூட ஆள் கிடையாது. இந்தக் குழந்தை என்னை வேண்டாம் என்கிறாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரு, அழுகிறாள்.

எடுத்து வந்துவிட்டேன். பால் கலந்து, மடியில் போட்டு, வாயில் வைத்தால் வழக்கம்போலப் பூட்டு. பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எப்படியும் குடிக்கப் போவதில்லை, சும்மா கடமைக்குத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கிடக்கட்டும், உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். பொண்டாட்டியையும் பச்சைக் குழந்தையையும் விட்டுட்டு மலையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கே. மலை எங்கயாவது ஓடியா போகப் போகுது? சின்ன வயசுலயும் இப்படித்தான், வீட்ல ஏதாவது பிரச்சினைன்னா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவே. இப்ப மலைக்கு அடியில. இந்தக் கடிதம் கிடைச்சதும் லீவு போட்டுட்டு உடனே கிளம்பி வா. வந்து அந்தப் பாட்டில் கடைமேல ஒரு புகார் எழுதிக் கொடு. கீழ்வீட்டுக்காரரோட ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாது, வேற வீடு பாரு. உன் பொண்டாட்டிகிட்ட, பெரியவங்க கண்ணைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி யோசிக்கச் சொல்லு. என்னை நீங்க யாரும் தேட வேண்டாம். திங்கட்கிழமை காலையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போகும்போது அழமாட்டேன், அதையும் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல உடம்போடு, தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா.

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு உறையை எடுக்கத் திரும்பினேன். பாட்டில் காலி.

முதலில் தரையைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. என் மடி, அவள் துணி, கழுத்து மடிப்பு, நாற்காலிக்கு அடியில், எங்கும் ஒரு சொட்டு இல்லை. நிப்பிளைக் கழற்றிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் காலையிலேயே வெளியே போனவர், கதவு பூட்டியிருக்கிறது, இழுத்தும் பார்த்தேன். கடைசியில் மிளகைத் தோளில் போட்டுத் தட்டினேன். ஒரு பெரிய மனுஷரின் ஏப்பம் வந்தது. அதற்கு மேல் எனக்கு ஒரு சாட்சியும் வேண்டாம். உன்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவளை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை, தம்பி. அவள் பாட்டுக்குக் குடித்திருக்கிறாள். கடிதத்தில் மேலே, கிளம்பமாட்டேன் என்று எழுதினேனா, கிளம்புவேன் என்று எழுதினேனா? எதுவாக இருந்தாலும் அடித்துவிடு. நீ வர வேண்டாம், வேலையைப் பார். வீடும் மாற்ற வேண்டாம். உன் மனைவியிடம் எதுவும் சொல்லாதே. அவள் சொன்னதுதான் சரி என்று என் வாயால் ஒப்புக்கொள்ளும் உத்தேசம் எனக்கில்லை. காலிப் பாட்டிலைக் கழுவாமல், அவள் உள்ளே வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மேசை நடுவில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரே கவலைதான். அடுத்த வேளைக்குப் பசி வந்துவிடும், நான் மறுபடியும் யாருக்காவது எழுதியாக வேண்டும். பெரியப்பா மகன்கள், உன் மாமியார், மாமனார், உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள், வராதவர்கள், எல்லாருடைய விலாசத்தையும் உடனே அனுப்பு. என்ன எழுதுவேன் என்று நீ கவலைப்படாதே. எல்லோர் மேலும் எனக்கு ஏதாவது ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.