ஒருவருக்கு ஒரு கை

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த மாபெரும் காரியம், எங்கள் அரட்டை ஆப்பின் முகப்புத் திரையை 'எளிமையாக்கியது'தான். அந்த உயர்மட்டக் குழுவில் அடியேனும் ஓர் அங்கம் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பழைய திரையில் நாற்பத்தொரு பட்டன்கள். நண்பருக்கு வணக்கம் சொல்லப் போனவர் விரல் தவறி நேரலைக்குள் விழுந்து, தான் பல் தேய்ப்பதை முந்நூறு பேருக்குக் காட்டியதுண்டு.

கூட்டத்தன்று காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, எவனோ என் போட்டோவைப் போட்டு, என் பேர்லயே கணக்கு ஆரம்பிச்சு, எங்க ஆபீஸ்காரங்களுக்கெல்லாம் அசிங்க அசிங்கமா எழுதுறான். புகார் பட்டன் எங்க இருக்குன்னே தெரியலை!"

"முப்பத்தெட்டாவது பட்டன். ஸ்டிக்கர் கடைக்குக் கீழ, வானிலைக்குப் பக்கத்துல... சரி விடு, இன்னிக்குத் திரையையே மாத்துறோம். உன் பட்டனை நட்டநடுவுல வெச்சிடுறேன்."

"சத்தியமா?"

"அண்ணன் சொல்றேன்ல!"

கூட்டம் தொடங்கியது. மேலாளர் ஜனநாயகப் பிரியர். "ஒருத்தருக்கு ஒரு கை. யாராவது கை தூக்குற பட்டன் இருக்கும், மத்தது போகும்" என்று விதி வகுத்தார். அறையில் ஒன்பது பேர். ஆகவே, மக்களுக்குத் தேவை ஒன்பது பட்டன்கள் என்பது 'அறிவியல்பூர்வமாக' நிறுவப்பட்டது.

வீடியோ பிரிவுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஒண்ணை இறக்குங்க."

"எதை சார்?"

"உங்க இஷ்டம்."

எதை இறக்குவது என்று அவர் ஐந்து நிமிடம் ஆலோசித்தார். கூட்டக் குறிப்பில் இதை 'ஆழ்ந்த விவாதம்' என்று பதிவு செய்தோம்.

அடுத்து, பலூன். வாழ்த்துச் சொல்ல அழுத்தினால் திரை முழுக்கப் பலூன் பறக்கும். என் இரண்டு வருட உழைப்பு. அலுவலகத்தில் என் பெயரே அதுதான். பதவி உயர்வும் அதன் நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கை தூக்கினேன்.

"புகாருக்கு யாரு?" என்றார் மேலாளர்.

எல்லோரும் மூலை நாற்காலியைப் பார்த்தோம். புகார்களைக் கவனித்த அம்மாளைப் போன மாதம்தான் 'சீரமைத்து' வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். நாற்காலியில் தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது. அது கை தூக்கவில்லை.

"என்ன பலூன், கையை இதுக்கு மாத்திக்கிறீங்களா?"

தங்கை நினைவுக்கு வந்தாள். பதவி உயர்வும் வந்தது.

"வேண்டாம் சார். பலூனே இருக்கட்டும்" என்றேன், நிறுவனத்தின் நலன் கருதி.

ஒரு மாதம் கழித்து வெற்றி விழா. மேடையேறப் போகும்போது தங்கையின் அழைப்பு.

"அண்ணா, நட்டநடுவுல பலூன்தான் இருக்கு! அதை அமுக்கினா அவனுக்கு வாழ்த்துப் போகுது. எங்க ஆபீஸ்ல நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்கண்ணா..."

"அப்புறம் பேசுறேன்மா. விழா ஆரம்பிச்சிடுச்சு."

மேலாளர் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

"புதுத் திரை வந்து முப்பது நாள் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலை!"

அரங்கம் அதிர்ந்தது. தூக்குவதற்குத்தான் ஒருவருக்கு ஒரு கை. தட்டுவதற்கு அப்படி விதி எதுவும் இல்லை. நான் இரண்டு கைகளாலும் தட்டினேன்.