ஆறவிட்ட ரேடியோவும் கலியாண வீட்டு மைக்கும்

கொக்கிளாய்,
14 யூன், சனிக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் ரூபன் அறிவது,

ஆண்டவருடைய கிருபையாலும் புனித அந்தோனியாருடைய மன்றாட்டாலும் இங்கு நானும் உமது அக்கா புனிதமலரும் நல்ல சுகம். கனடாவில் உமது வீட்டாரும் இருமல் தடிமன் இன்றிச் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அந்தோனியாரை நான் வெறும் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. காணாமற் போனதைத் தேடித் தருபவர் அவர். நான் எதையாவது கழற்றினால் ஸ்குரூ தேடுகிற வேலையில் பாதி அவருடையது.

வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் முடிகிற காரியத்துக்கு இந்த மனுசன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று யோசிப்பீர். என் போன் இறால் வாளிக்குள் விழுந்துவிட்டது. இப்போது மேசையில் பதினொரு துண்டாகக் கிடக்கிறது. பயப்பட வேண்டாம், பதினொன்றும் என் கண்காணிப்பில்தான் இருக்கின்றன.

விடயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் மகள் டிலுசாவின் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நீர் குடும்பக் குழுவில் எழுதியது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "கலியாண வீட்டிலை அத்தான் ஒரு வயரிலையும் கை வைக்கப்படாது. எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ." இதற்கு இருபத்துமூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். போனைத் திறக்கவே பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுகிற மன்னார்ச் சித்தியும் காட்டினார். உமது அக்கா கட்டைவிரலோடு ஒரு கும்பிடும் போட்டார். பெண்ணைப் பெற்ற தகப்பன், முப்பத்தைந்து வருடம் கடலில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன், தன் மகளின் கலியாண வீட்டில் மின்குமிழைக்கூட நிமிர்ந்து பார்க்கக்கூடாத நிலைக்கு வந்தேன். எனக்கு அது வெட்கமாக இருந்தது, மச்சான். உண்மையாகவே மனம் நொந்துபோனேன். ஆகையால் அந்தத் தடையை அதே குழுவில், அதே இருபத்துமூன்று பேரும் பார்க்க, நீர் வாபஸ் வாங்க வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

முதலில் என் முறையைச் சொல்கிறேன். கடற்கரையில் ஒரு சாமான் பழுதானால் நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் உப்புத்தான். உப்புக்காற்று எந்த மூடிக்குள்ளும் நுழைந்து வயர் நுனிகளில் பச்சையாகப் பூக்கும். நான் மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, தேசிக்காயைப் பிழிந்து அந்தப் புளியைப் பூசித் துடைத்து, திரும்ப மூடுவேன். ஸ்குரூ மிஞ்சினால் போத்தலில் போடுவேன். குறைந்தால் இருப்பதோடு மூடுவேன். எப்படியானாலும் கடைசியில் நீலநிற வலைநூலால் சுற்றி என்னுடைய முடிச்சைப் போடுவேன். அதன்பிறகுதான் முக்கியமான கட்டம். சாமானை ஆறவிட வேண்டும். ஒப்பரேஷன் செய்த நோயாளியை உடனே எழுப்பி ஓடச் சொல்வார்களா? அலுமாரிக்கு மேலே வைத்து, நான் உடுத்துப் பழசான சாரத்தால் மூடிவிட்டு, தொழிலுக்குத் தங்குகிற கரை வாடிக்குப் போய்விடுவேன். இரண்டு மூன்று நாள் அதைத் திறந்து பார்க்கவே மாட்டேன். கடைக்காரர்கள் தோற்பது இந்தப் பொறுமை இல்லாதபடியால்தான்.

ரேடியோவை எடுத்துக்கொள்ளும். செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் இருந்து வாசிப்பதுபோல் ஒரு சத்தம். நான் திறந்து துப்புரவாக்கி மூடியதும் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. "முந்திக் கிணத்துக்குள்ளை இருந்தெண்டாலும் கதைச்சவன். இப்ப மூச்சுப் பேச்சில்லை. சாகடிச்சுப் போட்டியள்" என்று உமது அக்கா சொன்னார். "ஆறட்டும் இரப்பா" என்றேன். மூன்றாம் நாள் வாடியால் வந்து சாரத்தை நீக்கி, திருகினால், மரண அறிவித்தல் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. செத்தவரின் பெறாமக்கள் பெயர்கூட ஒன்று தவறவில்லை. நான் சந்தோசத்தில் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார்.

அடுத்தது சோறு அவிக்கிற மின்சாரப் பானை. அரிசி அரைவேக்காட்டில் இருக்கும்போதே தான் வேலை முடித்துவிட்டதாக 'டிக்' என்று நிற்கும். நான் கை வைத்த பிறகு, பிளக்கைப் போட்டால் எங்கள் வீட்டோடு பக்கத்து வீட்டுக்கும் கரண்ட் நின்றது. பலம் கூடிவிட்டது, ஆறினால் சரிவரும் என்று கணித்தேன். சரிவந்தது. நாலாம் நாள் சோறு பூப்போல வந்தது. பிறகு படகிலிருந்த ஜிபிஎஸ். நடுக்கடலில் நிற்கிற என்னை அது உருத்திரபுரம் வயலுக்குள் நிற்பதாகக் காட்டியது. நான் திருத்திய பிறகு ஒரு இடமும் காட்டவில்லை. இரண்டு நாள் சாரத்துக்குக் கீழே ஆறவிட்டேன். இப்போது களப்பு கடலோடு சேருகிற வாயிலை அடிபிசகாமல் காட்டுகிறது. இப்படி டிஷ் பெட்டி, ரோச் லைட், சோலர் விளக்கு என்று பன்னிரண்டு சாமான்கள். பன்னிரண்டும் இன்று உயிரோடு இருக்கின்றன. ரேடியோவுக்குப் போன கிழமை திரும்பவும் தொண்டை அடைத்தது. அதுவும் இப்போது சாரத்துக்குக் கீழே ஆறிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு மூன்றாம் நாள்.

வேறு யாராவது ஒளித்துத் திருத்தியிருப்பார்களோ என்று உம்மைப் போன்ற சந்தேகக்காரர் கேட்கலாம். அதற்கும் என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. ஒவ்வொரு தரமும் என் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. அந்த முடிச்சு இந்தக் கரையில் வேறு ஒருவருக்கும் வராது. உமது அக்கா முன்னால் முணுமுணுத்தாலும் உள்ளூர என்னில் நம்பிக்கை உள்ளவர் என்றே நினைக்கிறேன். நான் ஏதாவது திருத்தி ஆற வைத்த கிழமைகளில் மட்டும் அவர் பெரிய பை ஒன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு மாதா சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் போய்விடுவார். அந்தச் சாமானுக்காகச் செபிக்கிறாரோ என்னவோ.

இனிக் கலியாண வீடு. பூசை முடிந்து கோயில் வளவுப் பந்தலில் முந்நூறு பேர். உமது தடை உத்தரவின்படி என்னை வயர்களுக்கு மிகத் தூரத்தில், ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கதிரையில் இருத்தினார்கள். தாய்மாமன் ஆசியுரை என்று அறிவித்தார்கள். டிலுசா போனைத் தூக்கிப் பிடிக்க, மருமகன் யூட்சன் மைக்கை அதற்குக் கிட்டப் பிடிக்க, நீர் கனடாவில் கோட்டுப் போட்டு, நாலு பக்கக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினீர். மைக் 'கரகர' என்று இருமிவிட்டு நின்றது. ஒலிபெருக்கிக்காரர் பிரதீபன் வயரை ஆட்டினார், பெட்டியில் தட்டினார், கடைசியில் தன் முதலாளிக்குப் போன் எடுத்தார். நீர் வாயை அசைத்துக்கொண்டேயிருக்கிறீர். கிட்ட நின்ற மூன்று பேருக்குத்தான் கேட்கிறது. பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. வர முடியாமற் போன ஒரே தாய்மாமனுடைய குரலாவது பந்தலில் கேட்க வேண்டுமென்று அவள் ஒரு மாதமாக ஆசைப்பட்டவள். நான் என் கதிரையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது அவள் முந்நூறு பேரையும் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாமான்ரை சத்தம் கேக்கேல்லை. நீங்கள் வந்து பாருங்கோவன்."

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. ஐஸ்கிரீம் பெட்டி சரிந்தது மட்டும் தெரியும். மைக்கின் அடியில் வயர் கொழுவுகிற இடத்தைக் கழற்றினேன். உள்ளே பச்சை. எனக்கு ஒரு பழைய கூட்டாளியைக் கண்டதுபோல் இருந்தது. சாப்பாட்டு மேசையில் வெட்டி வைத்திருந்த தேசிக்காய்ப் பாதியை எடுத்துத் தேய்த்து, என் புதுக் கழுத்துப்பட்டியால் ஈரம் போகத் துடைத்து, திரும்பக் கொழுவினேன். நூல் இல்லை, சாரம் இல்லை, ஆறவிட நேரமும் இல்லை. "அந்தோனியாரே" என்று மட்டும் சொன்னேன். அடுத்த கணம் பந்தல் அதிர, கொக்கிளாய் முழுக்கக் கேட்க, உமது குரல் வந்தது.

"அத்தானை அங்காலை போகச் சொல்லுங்கோ! அவரை வயரிலை கை வைக்க விடாதேங்கோ!"

முந்நூறு பேரும் கை தட்டினார்கள். பாதிரியார் கண்ணீர் வரச் சிரித்தார். உமது நாலு பக்க ஆசியுரையை எவ்வளவு பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ தெரியாது, அந்த முதல் வசனத்தை இன்றைக்கும் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். டிலுசா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ரை அப்பா" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்காக நான் இன்னும் ஆயிரம் மைக் கழற்றுவேன்.

ஆகவே மச்சான், பன்னிரண்டு சாமான், ஒரு மைக், மொத்தம் பதின்மூன்று அத்தாட்சிகள். தடையை நீக்கி, மன்னார்ச் சித்தி உட்பட எல்லோருக்கும் அறிவிக்கவும். உமக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் மாதா துணையிருப்பாராக. உமது வீட்டுச் சாமான்கள் பழுதாகாமல் இருக்கட்டும். பழுதானால் எறிய வேண்டாம், வரும்போது கொண்டுவாரும்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
மத்தேயு

பி.கு. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், போனுக்கு ஒரு சின்ன ஸ்குரூ வாங்கலாம் என்று சந்தியில் போன் திருத்துகிற தயாளினியின் கடைக்குப் போனேன். அந்தப் பிள்ளை என்னைக் கண்டதும் மேசையில் இருந்த ஒன்றைத் துவாயால் மூடினாள். மூட முதலே நான் கண்டுவிட்டேன். நீல வலைநூல். வீட்டில் சாரத்துக்குக் கீழே ஆறிக்கொண்டிருக்க வேண்டிய என் ரேடியோ!

"அங்கிள், அன்ரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள், அழுவாள்போல. பிறகு எல்லாம் வந்தது. பன்னிரண்டும் அவள் திருத்தியவை. பெரிய பை மாதா சபைக்குப் போகவில்லை. என் முடிச்சைக்கூட உமது அக்காதான் அவளுக்குப் பழக்கியிருக்கிறார். "முதல் ரெண்டு தரமும் பிழைச்சுப் போச்சு. அன்ரி அவிட்டு அவிட்டுத் திரும்பக் கட்ட வைச்சவா" என்றாள். ஏன் இவ்வளவு கரைச்சல், நேரே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நானும் கேட்டனான் அங்கிள். 'சாரத்தைத் தூக்கிப் பாத்திட்டு அந்த மனுசன் ஒரு சிரிப்புச் சிரிக்கும். எனக்கு அது வேணும் பிள்ளை' எண்டு சொன்னவா."

பிறகு, "கலியாண வீட்டு மைக்கும் நீதானா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லை. நான் பந்தியிலை, கையிலை சோறு. அன்ரி கண்ணைக் காட்டினவா. நான் கை கழுவிப்போட்டு வாறதுக்குள்ளை நீங்கள் திருத்திப் போட்டியள். தேசிக்காய் யோசினை எனக்கு ஓடியிராது அங்கிள்."

ஓடி வீட்டுக்கு வந்து சாரத்தைத் தூக்கினேன். கீழே ஒரு பிஸ்கட் ரின். சத்தம் போடாமல் திரும்ப மூடிவிட்டு, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன பாக்கிறியள்?" என்றார். "ஒண்டுமில்லை" என்றேன்.

ஆகையால் மேலே எழுதிய பன்னிரண்டையும் வெட்டிவிடும். தடையையும் நீக்க வேண்டாம். மைக் ஒன்றை மட்டும் குழுவில் போடும், ஆனால் கொட்டை எழுத்தில் போடும். போனின் பதினொரு துண்டையும் சேர்த்து, நூலால் சுற்றி, என் முடிச்சைப் போட்டு, அலுமாரிக்கு மேலே பிஸ்கட் ரின்னுக்குப் பக்கத்தில் ஆற வைத்துவிட்டேன். இன்று பின்னேரம் வாடிக்குப் போகிறேன். இந்தக் கடிதம் உமக்குக் கிடைக்கும்போது அது வேலை செய்துகொண்டிருக்கும், என் நம்பருக்குக் கோல் எடும். அக்கா தூக்கினால், "அத்தான் திருத்திப் போட்டாராமே, கெட்டிக்காரன்தான்" என்று மட்டும் சொல்லும். வேறொன்றும் சொல்லிவிடாதேயும்.