ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒரு ஆங்கில மெட்டு

"இந்த மெட்டு எங்கேர்ந்து வந்துது ஜோயல்?"

பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போதகர் ஏசுபாதம் இப்படிக் கேட்டார். செங்கல்பட்டில் ஒரு சின்னத் தேவாலயம் அது. அங்கே பாடகர் குழுவுக்குத் தலைவன் ஜோயல். வாரத்தில் ஐந்து நாள் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. உயிர் மட்டும் பாட்டில்.

"பழைய இங்கிலீஷ் துதிப்பாட்டுங்க ஐயா."

"அப்படியா. அர்த்தம் நல்லா இருக்குமா?"

"ரொம்ப ஆழமா இருக்கும் ஐயா."

ஜோயல் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 'லார்க்ஃபோல்டு' என்று ஒரு நாட்டுப்புறப் பாட்டுக் குழு. அக்கா தங்கை இரண்டு பேர், ஒரு பிளம்பர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுடைய முதல் ஆல்பம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. ஆபீஸ் பஸ்ஸில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் காதில் விழுந்தது. கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் ஜோயல் அடிமையாகிவிட்டான்.

வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. நாலே குரல். ஒரு குரல் மேலே ஏறினால் இன்னொன்று கீழே போய்த் தாங்கிக்கொள்ளும். பாட ஆரம்பிக்கும் முன் நாலு பேரும் சேர்ந்து மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. முதல் ஆல்பத்திலேயே இப்படிப் பாட யாருக்கு வரும் என்று மனைவி ஹெலனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். வார்த்தைகள்தான் பிடிபடவில்லை, ஏதோ வட்டார இங்கிலீஷ். ஆனாலும் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை அவ்வளவு கம்பீரமாகப் பாடுகிறார்கள் என்றால், அது கடவுளைப் பற்றியதாகத்தானே இருக்கவேண்டும்? அந்த மெட்டுக்குத் தமிழில் ஒரு ஸ்தோத்திரப் பாட்டு எழுதிவிட்டான். அவன் சொந்தமாக எழுதிய முதல் பாட்டு. ஸ்தோத்திரப் பண்டிகை என்கிற அறுப்புப் பண்டிகையில் அரங்கேற்றம்.

போதகர் கேட்ட கேள்வி மனதில் முள்ளாகக் குத்தியதால், மறுநாள் ஆபீஸ் வீடியோ மீட்டிங் முடிந்ததும் லண்டனில் இருக்கும் மேனேஜரிடம் பாட்டைப் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்டான். மனிதர் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து ஹெலனிடம் சொன்னான். "அது சாராயக்கடைப் பாட்டும்மா. நாலு பேர் ஒரு பீப்பாயைத் திருடி உருட்டிக்கினு போய்க் குடிக்கிறாங்க. கடைசி சரணத்துல கடைக்காரனும் வந்து கூட உக்காந்துக்கிறான்."

ஹெலன் யோசித்தாள். "நம்ம பாட்டுல 'பொங்கி வழியும் கிருபை'ன்னு எழுதினீங்களே, அந்த எடத்துல இங்கிலீஷ்ல இன்னா வருது?"

"பீரு."

"பேசாம ஐயாகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அதோட குழுவை மறந்துட வேண்டியதுதான். நானே மெட்டை மாத்திடறேன்."

அடுத்த பயிற்சியில் வேறொரு பழைய மெட்டைப் பாடிக் காட்டினான்.

"முன்ன பாடின மெட்டுக்கு இன்னா கொறச்சல்?" என்றான் ஜெபக்குமார். டாக்சி ஓட்டுகிறவன், கீழ்க்குரல்காரன். இத்தனை வருஷமாகக் கடைசியில் ஆமென் சொல்ல மட்டும் வாய் திறந்தவனுக்கு இந்தப் பாட்டில்தான் தனியாக இரண்டு வரி கிடைத்திருந்தது. "அந்த ரெண்டு வரிய டாக்சில பாடிக்கினே போறேன், சவாரி ஏறுறவங்க பாராட்டுறாங்க."

பக்கத்தில் நின்ற மேல்குரல்காரி வசந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்தப் பாட்டைப் பாடறப்போதான் எனக்கு ஜெபம் பண்ற மாதிரியே கீது."

ஜோயல் அவசரமாக ஒரு காரணம் கண்டுபிடித்தான். "அது ரொம்பக் கஷ்டமான மெட்டுப்பா. நாம பாடறதை வெள்ளைக்காரங்க யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"அவ்ளோதானே?" என்றான் ஜெபக்குமார்.

இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து போன். "அண்ணாத்த, மகாபலிபுரத்துல ஒரு இங்கிலாந்து அம்மா தங்கிகினு கீறாங்க. என் வண்டிலதான் சுத்துறாங்க. பேரு ஆலிஸ். ரிடையர்டு பாட்டு டீச்சராம். பண்டிகைக்கு வரச் சொல்லிட்டேன். சிரிக்கிறாங்களா இல்லியான்னு பாத்துடலாம்."

அந்த அம்மாவுக்கு மெட்டு அடையாளம் தெரியாதபடி செய்வது ஒன்றே ஜோயலுக்கு வழி. வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். துள்ளிக்கொண்டு ஓடிய பாட்டு, வயிறு நிறைந்த யானை மாதிரி நிதானமாக நடக்க ஆரம்பித்தது. குடிகாரர்கள் யாரும் இவ்வளவு மெதுவாகப் பாடமாட்டார்கள் என்று தைரியம் வந்தது.

மெதுவாகப் பாடியதில் நாலு குரலும் தனித்தனியாகத் துலங்கி, முன்னைவிட அழகாகிவிட்டது. ஜன்னலோரம் நின்று கேட்ட போதகர் உள்ளே வந்தார்.

"ஜோயல், இதைக் காணிக்கை நேரத்துல பாட வேணாம். சத்தத்துல அமுங்கிடும். பிரசங்கம் முடிஞ்சதும் தனியா வெச்சிடலாம்."

"ஐயா, அவ்வளவு பெரிய இடம் இந்தப் பாட்டுக்கு..."

"இருக்கட்டும்ப்பா. பழைய துதிப்பாட்டாச்சே."

பண்டிகை வந்தது. பீடத்தைச் சுற்றி மதுராந்தகத்து நெற்கதிர், வாழைத்தார், பூசணிக்காய். முதல் வரிசையில் கதர் சேலை கட்டிக்கொண்டு ஆலிஸ். பிரசங்கம் முடிந்தது. ஜோயல் கையை உயர்த்தினான். இருபது பேர் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள்.

முதல் சரணத்தில் ஆலிஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தில் கண் திறந்தது. புருவம் ஏறியது. முகம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் எழுந்து நின்றவர், தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளிலேயே கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார். ஒவ்வொரு அடி முடியும்போதும் பெஞ்சை ஓங்கித் தட்டினார்.

இங்கிலாந்தில் இப்படித்தான் கடவுளைத் துதிப்பார்கள் போல என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். ஜெபக்குமார் தன் இரண்டு வரியைப் பாடியபோது வாழைத்தார்கூட ஆடியது. ஜோயல் குறைத்து வைத்திருந்த வேகம் தானாகவே பழைய இடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தது.

பயத்தில் நனைந்திருந்த ஜோயலுக்கு நடுவில் எங்கேயோ பயம் மறந்துபோனது. பஸ்ஸில் அவனை அடிமையாக்கிய அதே பாட்டு. முன்பின் பார்க்காத நாலு பேர் எங்கோ பாடி வைத்ததை, செங்கல்பட்டில் ஒரு சபையே நின்று பாடிக்கொண்டிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை ஆட்டினான்.

ஆராதனை முடிந்து வெளியே பூசணிக்காயை ஏலம் விட ஆரம்பித்தார்கள். ஆலிஸ் மரத்தடியில் தன் போனில் எதையோ போதகருக்குப் போட்டுக் காட்டி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பதை ஜோயல் பார்த்தான். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்த அம்மா நகர்ந்ததும் போய்ப் போதகர் எதிரில் நின்றான்.

"ஐயா, அந்தப் பாட்டைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும். குழுவை வேற யார்கிட்டயாவது..."

போதகர் அவன் தோளில் கையைப் போட்டு, ஆள் இல்லாத பக்கமாக அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"கிறிஸ்மஸுக்கு அதே ஆல்பத்துல ஏழாவது பாட்டை எடுத்துக்கோப்பா, அதுல குடி கொஞ்சம் கம்மி."